கை நரம்பு அறுந்துவிட்டதா? முதல் மணிநேரத்திலிருந்து இரண்டாம் ஆண்டு வரை செய்ய வேண்டியவை

கண்ணாடி கிழித்தாலும், கட்டிங் மெஷின் பட்டாலும், மாஞ்சா நூல் அறுத்தாலும் மணிக்கட்டுக் காயத்தில் தோல் பத்துப் பன்னிரண்டு நாளில் ஆறிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணைத் தைத்தால் சில வாரங்களில் விரல் மடங்கத் தொடங்கும். நரம்பின் கணக்கு வேறு. தைத்த இடத்தில் அது அப்படியே ஒட்டிக்கொண்டு வேலை செய்வதில்லை. தையலுக்குக் கீழே இருந்த இழைகள் முழுவதும் அழிந்து, மேலே இருந்து புது இழைகள் முளைத்து, நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. வேகத்தில் விரல் நுனிவரை போய்ச் சேர வேண்டும். அந்த இழைகளுக்கு வழிகாட்டி, ஊட்டம் தந்து, கடைசியில் உறையும் போர்த்திவிடுபவை ஷ்வான் செல்கள். அவை எவ்வளவு காலம் காத்திருக்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. கீழே வரும் நாள், வார, மாதக் கெடுக்களில் பெரும்பாலானவை அந்த எல்லையைப் பொறுத்தே அமைந்தவை.

அறுந்தவுடன் நரம்புக்குள் நடப்பது

கை நரம்பில் ஓடும் இழை ஒவ்வொன்றும் ஒரே செல்லின் நீட்சி. அசைவைத் தூண்டும் இழையின் உடல் கழுத்துத் தண்டுவடத்தில் இருக்கிறது. உணர்வு இழையின் உடல் தண்டுவடத்தை ஒட்டிய முடிச்சில் இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனிவரை ஒரே இழை. இந்த இழையைத்தான் ஆக்சான் என்கிறோம்.

ஆக்சானை ஒட்டி வரிசையாக ஷ்வான் செல்கள் இருக்கின்றன. ஜெர்மானிய உடலியல் அறிஞர் தியடோர் ஷ்வான் 1839-இல் விவரித்ததால் அந்தப் பெயர். இவற்றில் இரண்டு வகை. தடித்த ஆக்சானில் ஒரு செல் ஒரு துண்டை மட்டும் பொறுப்பேற்று, தன் சவ்வைப் பல சுற்றுச் சுற்றி மையலின் உறை ஆக்குகிறது. பெரிய இழைகளில் அந்தத் துண்டு ஏறக்குறைய 1 மி.மீ. நீளம் இருக்கும். துண்டுக்கும் துண்டுக்கும் இடையே உள்ள ரான்வியர் கணுவில் மட்டும் மின்துடிப்பு புதுப்பிக்கப்படுவதால், சேதி விநாடிக்கு 50 மீட்டருக்கும் மேல் பாய்கிறது. இன்னொரு வகை ரெமாக் செல். இது பல மெல்லிய இழைகளைச் சேர்த்து அணைத்துக்கொள்ளும், மையலின் போடாது. மந்தமான வலி, சூடு போன்றவை இவ்வழியே விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகரும். இரண்டு வகைக்கும் வெளியே அடிப்படைச் சவ்வு ஒன்று குழாய்போலச் சூழ்ந்திருக்கிறது. இந்தக் குழாயை நினைவில் வையுங்கள். கை எவ்வளவு திரும்பும் என்பதை முடிவு செய்வதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

நரம்பு அறுந்தால், செல் உடலிலிருந்து பிரிந்துபோன கீழ்ப்பகுதி ஆக்சான் சில நாட்களில் துண்டு துண்டாகச் சிதைகிறது. 1850-இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளில் இதைக் கண்டு எழுதினார். இன்றும் வாலரியன் சிதைவு என்றே வழங்குகிறது. ஆக்சான் போனதும் ஷ்வான் செல் சாவதில்லை, வேலையை மாற்றிக்கொள்கிறது. மையலின் புரதங்களைத் தயாரிக்கும் மரபணுக்களை அணைக்கிறது. சி-ஜுன் என்ற கட்டுப்பாட்டுப் புரதம் செல்லுக்குள் ஓங்குகிறது. தான் சுற்றிய மையலினைத் தானே உடைத்துச் செரிக்கிறது. மிச்சத்தைத் தின்ன மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவுச் செல்களை வேதிக் குறி அனுப்பி அழைக்கிறது. ஜி.டி.என்.எஃப்., பி.டி.என்.எஃப். முதலான வளர்ச்சிப் பொருள்களைச் சுரக்கிறது. பிறகு நீண்டு மெலிந்து, பழைய குழாய்க்குள்ளேயே ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைந்து நிற்கிறது. இந்த வரிசைக்குப் பெயர் ப்யூங்னர் பட்டை. மேலிருந்து வரும் புது முளை ஏறிப் படர்வது இதன்மீதுதான்.

சுரைக்கொடிக்குப் பந்தல் போட்டாயிற்று. ஆனால் கொடி வந்து சேரும்வரை பந்தல் நிற்க வேண்டுமே. எலிகளில் செய்த ஆய்வுகளில், ஆக்சான் வராமல் ஆறு மாதம் கடந்தால் ஷ்வான் செல்களில் சி-ஜுன் தணிகிறது, ஊட்டப் பொருள்களின் சுரப்பு குறைகிறது, செல்களின் எண்ணிக்கையும் சுருங்குகிறது. பிந்தி வரும் இழைகளில் வளர்வன வெகு சிலவே. இதே வேளையில் அங்கே தசையும் காத்திருக்கிறது. மனிதத் தசை நரம்பில்லாமல் 12 முதல் 18 மாதம் கடந்தால் நார்த்திசுவாகவும் கொழுப்பாகவும் மாறிவிடும்; அதற்குப்பின் நரம்பு வந்தாலும் பிடித்துக்கொள்ளத் தசை இருக்காது. தோல் உணர்வுக்கு இவ்வளவு கறாரான கெடு இல்லை. ஆண்டுகள் கழித்துச் சரிசெய்தாலும் சூடு, குத்தல் தெரியும் அளவு காப்புணர்வு திரும்ப வாய்ப்புண்டு.

முதல் மணிநேரம்: நரம்பு அறுந்ததா என்று கண்டுபிடிப்பது

ரத்தத்தை நிறுத்த சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். நூலோ கயிறோ கட்டி இறுக்காதீர்கள். மணிக்கட்டில் ரத்தக்குழாயும் நரம்பும் அருகருகே ஓடுவதால் காயத்துக்குள் கண்டபடி இடுக்கி போடுவதும் ஆபத்து.

மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு எந்தச் சோதனைக்கும் பொருளில்லை. மருத்துவமனையில் யாரும் பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கைக்கு வரும் முக்கிய நரம்புகள் மீடியன், அல்நார், ரேடியல் என மூன்று. உணர்வுக்கு மூன்று இடம் போதும். ஆள்காட்டி விரல் நுனியின் உட்பக்கம் மீடியன் நரம்பு. சுண்டுவிரல் நுனி அல்நார் நரம்பு. புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் இடைப்பட்ட சவ்வுப் பகுதி ரேடியல் நரம்பு. பஞ்சால் தொட்டு, மறுகையோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். ‘கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது’ என்ற பதிலையும் அறுந்ததற்கான அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அசைவுக்கு: உள்ளங்கை மேல்நோக்க மேசைமேல் வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கி நேர்மேலே தூக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் மீடியன். விரல்களை விரித்துச் சேர்க்க முடியாவிட்டால் அல்நார். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் இடையே பிடிக்கவைத்து நீங்கள் இழுக்கும்போது, கட்டைவிரலின் நுனிக்கணு மட்டும் மடங்கிக்கொண்டு பிடித்தால் அதுவும் அல்நார்தான். மணிக்கட்டையும் விரல்களையும் மேலே நிமிர்த்த முடியாமல் தொங்கினால் ரேடியல்.

சிறு குழந்தைகளிடம் இதெல்லாம் எடுபடாது. அவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. காயம் நனையாமல் விரல் நுனிகளை மட்டும் சுமார் 40 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 30 நிமிடம் வையுங்கள். நல்ல நரம்புள்ள விரல் சுருங்கிச் சுருக்கம் விழும். நரம்பு அறுந்த விரல் வழவழவென்றே இருக்கும். சூட்டை நீங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்து உறுதிசெய்த பிறகே குழந்தையின் கையை விடவேண்டும், மரத்த விரலுக்குச் சுட்டாலும் தெரியாது. வியர்வையும் நரம்பின் வேலைதான் என்பதால், நரம்பு போன விரலின் தோலில் பேனாவை இழுத்தால் பிசுபிசுப்பில்லாமல் வழுக்கும். தோல் தைத்து முடித்த பல நாள் கழித்துச் சந்தேகம் வந்தாலும் இவ்விரண்டும் கைகொடுக்கும்.

‘நரம்பு கட் ஆயிடுச்சு, தைச்சாச்சு’ என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். தைத்தது தசைநாணா, ரத்தக்குழாயா, மீடியன் அல்லது அல்நார் நரம்பா என்று கேட்டு, டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள். தோலையும் தசைநாணையும் மட்டும் தைத்து நரம்பை விட்ட கைகள் மாதக்கணக்கில் பிந்தி வருவது அரிதல்ல. அந்த மாதங்கள் முழுவதும் மேலே சொன்ன கெடுவிலிருந்து கழிந்தவை.

தையல்: எப்போது, எப்படி

கத்தி, கண்ணாடி போன்ற கூர்மையான வெட்டில் உணர்வோ அசைவோ போயிருந்தால், திறந்து பார்த்துத் தைப்பதுதான் வழி. ஸ்கேனுக்கோ மின் சோதனைக்கோ காத்திருக்கத் தேவையில்லை. முதல் இரண்டு மூன்று நாளுக்குள் தைப்பது நல்லது. அதற்கு ஒரு நடைமுறைக் காரணம்: அறுந்த கீழ்முனையை மின்னால் தூண்டினால் சுமார் 72 மணிநேரம்வரை தசை துடிக்கும். எந்தக் கற்றை அசைவுக்கு, எந்தக் கற்றை உணர்வுக்கு என்று பார்த்துப் பொருத்த அது உதவும். அதற்குள் முடியாவிட்டால் ஒரு வாரம், இரண்டு வாரத்துக்குள்ளாவது. நாள் போகப்போக முனைகள் பின்வாங்கித் தழும்பாகி, நேராகச் சேர்க்க முடியாத இடைவெளி விழும்.

மெஷினில் நசுங்கியோ, மண்ணும் துருவும் கலந்தோ வந்த காயம் வேறு. நரம்பு எவ்வளவு தூரம் நசுங்கியிருக்கிறது என்பது அன்றே தெரியாது. காயத்தைக் கழுவி, இரு முனைகளையும் பக்கத்துத் திசுவில் பிணைத்து அடையாளம் வைத்துவிட்டு, மூன்று வாரம் அளவில் திரும்பத் திறந்து கெட்ட பகுதியை நறுக்கிச் சேர்ப்பது வழக்கம்.

தையலே நுண்ணோக்கிக்கு அடியில், தலைமுடியைவிட மெல்லிய, 8-0 முதல் 10-0 வரையிலான நைலான் இழையில், நரம்பின் வெளியுறையில் மட்டும் போடப்படுகிறது. இழுவிசை கூடாது என்பதுதான் இங்கே தலையாய விதி. இழுத்துத் தைத்தால் உள்ளிருக்கும் நுண்ரத்தக்குழாய்கள் நெரிகின்றன, தையலில் தழும்பு தடிக்கிறது. சேர்ந்த இடத்தின் மெல்லிய பாலத்தில் முதலில் மேக்ரோஃபேஜ்கள் ஆக்ஸிஜன் குறைவை உணர்ந்து புது ரத்தக்குழாய்களை வரவழைக்கின்றன. ஷ்வான் செல்கள் அந்தக் குழாய்களைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடக்கின்றன. ஆக்சான்கள் ஷ்வான் செல்களைப் பிடித்துக்கொண்டு கடக்கின்றன. ரத்தக்குழாய் வளராத இழுபட்ட தையலில் இந்தத் தொடர் முதல் கண்ணியிலேயே அறுந்துபோகும்.

இடைவெளி விழுந்தால் கெண்டைக்காலின் பின்பக்கம் ஓடும் சூரல் நரம்பை எடுத்து நடுவில் வைக்கிறார்கள். பாதத்தின் வெளி ஓரத்தில் கொஞ்சம் மரத்துப்போவதுதான் அதற்கு விலை. எடுத்த துண்டில் ஆக்சான்கள் அழிந்துவிடும். ஆனாலும் ஷ்வான் செல்களும் அவற்றின் குழாய்களும் பிழைத்து வழிகாட்டும். விரலின் சிறு உணர்வு நரம்பில் 3 செ.மீ.க்குள்ளான இடைவெளிக்குச் செயற்கைக் குழாய் போதலாம். அதைவிட நீண்ட வெற்றுக் குழாய் பலன் தராது, ஏனென்றால் உள்ளே ஷ்வான் செல்கள் இல்லை. இரு முனையிலிருந்தும் ஊர்ந்து வருபவை நடுவில் சந்திக்க முடிவதில்லை.

கனடாவில் நடந்த மருத்துவச் சோதனைகளில், அறுவை முடிந்தவுடன் நரம்பை 20 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு மணிநேரம் மின்தூண்டல் செய்தவர்களுக்கு நரம்பு வளர்ச்சி மேம்பட்டது. பின்னாளில் பிசியோதெரபியில் தோல்மேல் ஒட்டுப்பட்டை வைத்துத் தசைக்குத் தரும் மின்தூண்டல் இதுவல்ல. இரண்டையும் ஒன்றென்று நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

உங்கள் நரம்பின் கணக்கைப் போடுங்கள்

ஒரு டேப் எடுத்து, தையல் தழும்பிலிருந்து இலக்குவரை மில்லிமீட்டரில் அளக்கவும். அந்த எண்ணே நாட்கள். தையலைக் கடக்க மட்டும் ஒரு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். இலக்கு தசையானால் போய்ச்சேர்ந்த இழை தசையோடு பொருந்தி அசைவாகத் தெரிய இன்னும் ஒரு மாதம்.

மணிக்கட்டில் மீடியன் அறுந்தவருக்குக் கட்டைவிரல் மேட்டுத் தசை 6 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 60 நாள், தையலுக்கு 30, பொருந்த 30: நான்காம் மாதம் அளவில் முதல் துடிப்பை எதிர்பார்க்கலாம். ஆள்காட்டி நுனி 17 செ.மீ. என்றால் 170 நாளும் 30 நாளும் சேர்ந்து ஏழாம் மாதத்தை ஒட்டி முதல் உணர்வு.

முழங்கையில் அல்நார் அறுந்தவருக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி இடைத் தசை 33 செ.மீ. தள்ளி இருந்தால் 13 மாதம்; தசையின் கெடு தொடங்கும் எல்லையிலேயே போய் நிற்கிறது. அக்குளருகே அறுந்தால் 55 செ.மீ.க்கு மேல், அதாவது 20 மாதத்தைத் தாண்டும். எவ்வளவு அருமையாகத் தைத்தாலும் அந்தத் தசை காத்திருக்காது. இதற்காகத்தான் நரம்பு மாற்று அறுவை இருக்கிறது: முன்கையின் முனையில் அதிகம் பயன்படாத முன்னெலும்பிடை நரம்பின் கிளையை மணிக்கட்டுக்குச் சற்று மேலே அல்நாரின் அசைவுக் கற்றையோடு சேர்த்துவிட்டால், 33 அல்லது 55 செ.மீ. பயணம் பத்துச் செ.மீ. சொச்சமாகச் சுருங்கும். தோளில் நரம்புப் பின்னல் கிழிந்த பைக் விபத்துகளில், முழங்கை மடங்க அல்நாரின் ஒரு சிறு கற்றையை இருதலைத் தசைக் கிளையில் சேர்க்கும் ஓபர்லின் முறையும் இதே கணக்கில் பிறந்ததுதான்; 1994-இல் வெளியானது. இவை ஆறு மாதத்துக்குள் செய்தால் நல்லது. உங்கள் கணக்கு 12 மாதத்தைத் தொட்டால், முதல் மாதத்திலேயே கை அறுவை நிபுணரிடம் மாற்று நரம்பு பற்றிக் கேளுங்கள். ‘ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்போம்’ என்பது அந்தக் கைக்குப் பொருந்தாத யோசனை.

மாதம் ஒருமுறை தட்டிப் பாருங்கள்

1915-இல் பிரான்சில் ழூல் தினெல் விவரித்த சோதனைக்கு ஒரு விரலும் ஒரு பேனாவும் போதும். வளரும் ஆக்சானின் நுனிக்கு மையலின் இன்னும் ஏறவில்லை. தட்டினால் அது தானாகத் துடிக்கும். விரல் நுனியிலிருந்து தொடங்கி நரம்பின் பாதையில் மெல்லத் தட்டிக்கொண்டே தழும்பை நோக்கி மேலேறுங்கள். எந்த இடத்தில் முதன்முதலாக அந்த நரம்பின் விரல்களுக்குள் மின்சாரம் பாய்ந்தது போல் ‘சுர்’ரென்று ஓடுகிறதோ அங்கே புள்ளி வைத்து, தழும்பிலிருந்து தூரத்தை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். தட்டிய இடத்தில் மட்டும் வலித்தால் அது கணக்கில்லை. கீழிருந்து மேலே தட்டுவதுதான் சரியான திசை. மேலிருந்து தொடங்கினால் தழும்பிலேயே சிக்கிக்கொள்வீர்கள்.

முதல் மாதம் புள்ளி தழும்பிலேயே நிற்பது இயல்பு. அதன்பின் மாதம் 25 முதல் 30 மி.மீ. நகர்ந்தால் ஷ்வான் செல்களும் ஆக்சான்களும் ஒழுங்காக வேலை செய்கின்றன. மூன்று மாதமாக நகரவில்லை, தழும்பைத் தொட்டாலே துடிக்கிறது என்றால், இழைகள் குழாயைக் கண்டுபிடிக்காமல் தையலில் சுருண்டு நரம்புக்கட்டி ஆகியிருக்கலாம். அந்த நோட்டோடு அறுவை செய்தவரிடம் போங்கள். அடுத்த முடிவுக்கு அது ஒரு ஸ்கேனைவிடக் கூடுதலாக உதவும். புள்ளி நகர்கிறது என்பதற்காகக் கை முழுதும் திரும்பிவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். சில இழைகள் போனாலே ‘சுர்’ வரும்.

நரம்புக் கடத்தல் சோதனையும், தசையின் மின்துடிப்பைப் பார்க்கும் இ.எம்.ஜி.யும் எப்போது எடுப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. கீழ்முனை ஆக்சான் சிதையச் சில நாள் ஆவதால், முதல் வாரத்தில் அறுந்த நரம்பும் காயத்துக்குக் கீழே இயல்பாகக் கடத்துவதுபோல் காட்டும். அசைவுத் துடிப்பு மறைய ஒன்பது நாள் அளவும், உணர்வுத் துடிப்பு மறையப் பதினோரு நாள் அளவும் ஆகும். தசையில் நரம்பிழப்பின் அடையாளம் தெரிய இரண்டு மூன்று வாரம். எனவே மூன்று நான்கு வாரம் கழித்து எடுப்பதே பயன்படும்.

வெட்டே இல்லாமல் மரத்துப்போனால்

எலும்பு முறிந்தோ, அழுத்தத்தாலோ செயலிழந்த நரம்பில் அறுப்பு இல்லாமல் இருக்கலாம். 1943-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் செடன் வகுத்த மூன்று படிகள் இன்றும் போதும். முதற்படியில் மையலின் மட்டும் நசுங்குகிறது, ஆக்சான் தப்பிவிடுகிறது. தட்டினால் ‘சுர்’ வராது. ஷ்வான் செல்கள் மறுபடி உறை போட்டதும் நாட்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் மொத்தமாகத் திரும்பும். இரண்டாம் படியில் ஆக்சான் போகிறது, குழாய் இருக்கிறது, 1 மி.மீ. கணக்கில் தானாக வளரும், பழைய குழாயிலேயே போவதால் நன்றாகவே திரும்பும். மூன்றாவது, முழு அறுப்பு. மேற்கை எலும்பு முறிவில் தொங்கிப்போகும் மணிக்கட்டு பெரும்பாலும் முதலிரண்டு படிகளில் அடங்குவதால் தானே திரும்புகிறது. மூன்று மாதம் அளவில் அசைவும் இ.எம்.ஜி. அறிகுறியும் இரண்டும் இல்லையென்றால் திறந்து பார்க்க வேண்டும். அதற்குமேல் தள்ளக்கூடாது.

மாவுக்கட்டு போட்ட பிறகு விரல் வீங்கி, நிமிர்த்தினால் உயிர்போகும் வலியெடுத்து, மரக்கத் தொடங்கினால் அது இந்த வரிசையிலேயே சேராது. அன்றே, அந்த மணிநேரமே கட்டைப் பிரிக்க வேண்டும். மருத்துவமனைக்கு வெளியே போட்ட இறுக்கக் கட்டுக்கும் இதுவே.

காத்திருக்கும் மாதங்களில் கையைக் காப்பது

நரம்பு வந்து சேரும்போது மூட்டு விறைத்துக் கிடந்தால் அந்த வளர்ச்சி வீண். தையலுக்குப்பின் முதல் மூன்று வாரம் அளவில் மருத்துவர் சொன்ன நிலையில் ஸ்பிளிண்ட், அதாவது கையை அசையாமல் பிடிக்கும் தாங்கி. தசைநாணும் தைத்திருந்தால் அவர் தரும் அட்டவணைதான் சட்டம். பிறகு ஒவ்வொரு விரல் மூட்டையும் மறுகையால் முழு அளவு மடக்கி நிமிர்த்துவது, மூட்டுக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று நான்கு வேளை. மீடியனுக்குக் கட்டைவிரல் ஒட்டிப்போகாமல் விலக்கிவைக்கும் ஸ்பிளிண்ட். அல்நாருக்கு விரலடி மூட்டுகள் பின்னே வளையாமல் தடுக்கும் ஸ்பிளிண்ட். ரேடியலுக்கு மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிப்பது. இது ஒன்றைப் போட்டாலே அன்றைக்கே பிடிப்பு வலுக்கும்.

மரத்த விரல் வெந்தால் தெரியாது. சூடான டம்ளர், குக்கர் கைப்பிடி, சாம்பார் கரண்டி எல்லாம் மறுகைக்கு. அடுப்பிலிருந்து இறக்க இடுக்கியும் தடித்த துணியும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஆள்காட்டி, நடுவிரல் இடுக்கில் தீப்புண் வருவது சாதாரணம். புகையிலை ரத்தக்குழாய்களைச் சுருக்கி நரம்பு வளர்ச்சியையும் கெடுப்பதால் அதை நிறுத்த இதைவிட நல்ல காரணம் கிடையாது. ஒத்தடம், மெழுகு ஒத்தடம், வெந்நீர்ப் பை எதுவும் வேண்டாம். சாவி, வாளிக் கைப்பிடி, ஸ்குரூ டிரைவர் போன்ற மெல்லிய பிடிகளுக்குத் துணி சுற்றித் தடிமனாக்குங்கள், ஏனென்றால் மரத்த கை தேவைக்குமேல் இறுக்கிப் பிடிக்கும்.

வியர்வை இல்லாத தோல் வறண்டு வெடிக்கும். தையல் நன்றாக ஆறிய பிறகு, தினமும் சாதாரண நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, ஈரம் முழுதும் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். படுக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் சிவப்பு, கொப்புளம், வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தினாலோ சூடுபட்டாலோ வந்த சிவப்பு 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அன்றைய வேலையில் ஏதோ ஒன்றை மாற்ற வேண்டும்.

உணர்வு திரும்பும்போது மூளையைப் பழக்குவது

முதலில் குத்தலும் சூடும் தெரியும், பிறகு நகரும் தொடுதல், கடைசியில் நிலையான தொடுதலும் துல்லியமும். ஆனால் பெருவிரலுக்குப் போகவேண்டிய இழை நடுவிரல் குழாயில் நுழைந்திருக்கும். ஷ்வான் செல் வழிவிட்டதே தவிர, முகவரியைச் சரிபார்க்க அதனால் முழுமையாக முடிவதில்லை. அதனால் தொட்ட இடம் ஒன்று, தோன்றும் இடம் வேறு. இதைத் திருத்துவது மூளையின் வேலை, பயிற்சியால்தான் திருந்தும். குழந்தைகளுக்குச் சீக்கிரம் வரும். பெரியவர்களுக்கு மெதுவாக வரும்.

உணர்வே வராத தொடக்க மாதங்களில்: கண்ணாடியை நடுவில் வைத்து நல்ல கையைத் தொட்டு, பிம்பத்தில் காயம்பட்ட கை தொடப்படுவதாகப் பாருங்கள். நாளுக்கு இரண்டு மூன்று தடவை, பத்து நிமிடம்.

உள்ளங்கையில் நகரும் தொடுதல் தெரிந்த பிறகு: பென்சிலின் அழிப்பான் முனையால் ஒரு கோடு இழுக்கச் சொல்லி முதலில் கண்ணால் பாருங்கள், பிறகு கண்ணை மூடி எங்கே போகிறது என்று சொல்லுங்கள், திறந்து சரிபாருங்கள். விரல் நுனிக்கு உணர்வு வந்ததும் உப்புத்தாள், பட்டுத்துணி, சாக்கு, பருத்தித் துண்டு என்று தொட்டுப் பிரித்தறிவது. பின்னர் அரிசி நிறைந்த பாத்திரத்துக்குள் ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், பொத்தான், சாவி ஆகியவற்றைப் பார்க்காமல் தேடி எடுப்பது. அமைதியான இடத்தில், நாளுக்கு மூன்று நான்கு முறை பத்துப்பத்து நிமிடம். ஒரேயடியாக ஒரு மணிநேரம் செய்வதைவிட இது நன்றாகப் பதியும்.

தொட்டாலே எரிகிறது என்று சொல்பவர்களும் உண்டு. வளரும் இழையின் இயல்பு அது. அந்த இடத்தை மூடிவைக்காமல் பஞ்சில் தொடங்கிக் கம்பளிவரை படிப்படியாக உரசிப் பழக்க வேண்டும். தூக்கத்தைக் கெடுக்கும் எரிச்சலுக்கு காபபென்டின், பிரிகாபாலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்புவலி மருந்துகளை மருத்துவர் எழுதித் தருவார். சாதாரண வலிமாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது.

‘நரம்பு மாத்திரை’ பற்றியும் சொல்லியாக வேண்டும். மெத்தில்கோபாலமின் என்பது வைட்டமின் பி12-இன் ஒரு வடிவம். உங்களுக்கு பி12 குறைவாக இருந்தால் அவசியம் வேண்டும்; சுத்த சைவர்களிடமும், நீண்டநாள் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரைக்காரர்களிடமும் குறைவு அடிக்கடி காணப்படுவதால் ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். குறைவில்லாதவருக்கு அறுந்த நரம்பை அது ஒட்டவைக்காது, தையலுக்கு மாற்றும் ஆகாது. பி6 இன்னும் கவனம்: நாளுக்கு 100 மி.கி.க்கு மேல் நீண்டநாள் எடுத்தால் அதுவே உணர்வு நரம்புகளைக் கெடுக்கும். ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது இந்த இரண்டையும்விட முக்கியம்; சர்க்கரை ஏறிய ரத்தத்தில் ஷ்வான் செல்லும் தளர்கிறது, ஆக்சானும் மெதுவாக வளர்கிறது.

காயமே இல்லாமல் சுண்டுவிரல் மரத்தால்

தோலில் வெளிறிய அல்லது சிவந்த உணர்ச்சியற்ற தேமல், முழங்கையின் பின்னால் தடித்து வலிக்கும் நரம்பு, மெல்ல மடங்கும் சுண்டுவிரல்: இவை சேர்ந்தால் தொழுநோயை நினைக்க வேண்டும். அதன் கிருமி உடலில் குடியேறும் முக்கிய இடமே ஷ்வான் செல். அந்தச் செல்லைச் சூழ்ந்த அடிப்படைச் சவ்வில் லாமினின் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அது உள்ளே நுழைகிறது. உடலின் குளிர்ச்சியான, தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளை விரும்புகிறது. அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். புதிதாக வந்த உணர்விழப்பு ஆறு மாதத்துக்குள்ளானது என்றால், மருத்துவர் கண்காணிப்பில் தரும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து நரம்பைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. கூச்சப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் நரம்பின் வாரம்.

காலக்கெடு கடந்துவிட்டால்

பதினெட்டு மாதம் தாண்டியும் தசை துடிக்கவில்லையென்றால் நரம்பைத் திரும்பத் தைப்பதால் அசைவு வராது. அதற்காகக் கையைக் கைவிட வேண்டியதில்லை. வேலை செய்யும் ஒரு தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த தசையின் நாணில் இணைக்கும் தசைநாண் மாற்று அறுவை, நரம்பு வளர்வதைச் சார்ந்ததே அல்ல. தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கு இதை 1940-களின் பிற்பகுதியில் வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொடங்கினார், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் இதற்கு உலகப் பெயர் பெற்றன. ரேடியல் நரம்பிழப்பில் மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்த இது குறிப்பாக நம்பகமானது.

இந்த அறுவைக்கு இரண்டு நிபந்தனை: எடுக்கப்படும் தசை நல்ல வலுவோடு இருக்க வேண்டும், போய்ச் சேரும் மூட்டு மறுகையால் மடக்கி நிமிர்த்தினால் முழுதாக அசைய வேண்டும். மூட்டு விறைத்திருந்தால் முதலில் சில வாரம் பயிற்சியும் ஸ்பிளிண்டும் தந்து அதை இளக்கிய பிறகே தேதி குறிப்பார்கள். அறுவைக்குப்பின் மூன்று நான்கு வாரம் கட்டு. பிறகு, இடம் மாறிய தசைக்குப் புது வேலையைக் கற்பிக்க ஒன்றிரண்டு மாதப் பயிற்சி.